மூணு வோல்ட்

— அப்ப அந்த ஆறு நாளும் நான் வரல. காலையில ஆறே முக்காலுக்கு இந்த டைம் ஆபீஸைத் திறந்து, இந்தக் கம்ப்யூட்டரைப் போட்டு, எஃப் ஒன்னை அமுக்கினது என் ஆவி. அதானே சார் சொல்றீங்க?

— ஆவியெல்லாம் இந்த விசாரணையோட வரம்புக்குள்ள வராது, மிஸஸ் ஆரோக்கியமேரி. கம்ப்யூட்டர் சொல்றதுதான் வரம்பு. ஆகஸ்ட் நாலாம் தேதி முதல் ஒன்பதாம் தேதி முடிய உங்க பேருக்கு நேரா 'ஏ' போட்டிருக்கு. ஏ என்றால் ஆப்சென்ட். இதைக் குறிச்சுக்கோங்க.

— யாரைக் குறிச்சுக்கச் சொல்றீங்க? இங்க குறிக்கறவ நான்தான். இந்த ரூமுக்கு இருக்கறது ஒரே நாற்காலி. அதுல நீங்க உக்காந்துட்டீங்க. நின்னுகிட்டு எங்க குறிக்கறது, சுவத்துலயா?

— மனிதவளத் துறையின் துணைப் பொது மேலாளர் ரங்கநாதன் நின்னுகிட்டு விசாரணை நடத்தினார்னு நாளைக்கு இந்தப் பீன்யா தொழிற்பேட்டை முழுக்கப் பேசணுமா? அஷ்வின், ஐ.டி. தலைவர் நீங்க இருக்கீங்களே, நீங்க குறிச்சுக்கோங்க.

— சரிங்க சார். லேப்டாப்ப ஜன்னல் கட்டை மேல வெச்சுக்கறனுங்க.

— நல்லா குறிச்சுக்கோ தம்பி. ஆரோக்கியமேரி, வயசு நாப்பத்தி மூணு, தங்கவயல்ல பொறந்தவ, நீலசந்திராவுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரவ, தன் நாற்காலிக்குப் பக்கத்துல நின்னுகிட்டு பதில் சொன்னாள்னு.

— பேச்சை வளர்க்க வேண்டாம். உங்க ஒப்பந்தம் இன்னைக்குச் சாயந்திரம் அஞ்சரை மணியோட முடியுது. கம்பெனி விதி தெளிவா இருக்கு. ஒரு ஒப்பந்தத்துல இருநூத்து நாற்பது நாள் வேலைக்கு வந்தவர் நிரந்தரம். நீங்க வந்தது இருநூத்து முப்பத்து நாலு. 'ஆறு நாள் பணிக்கு வரவில்லை என ஒப்புக்கொள்கிறேன்' அப்படின்னு இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே புது ஒப்பந்தம்.

— ஒண்ணாம் நாள்லேர்ந்து.

— எல்லா நல்ல விஷயமும் ஒண்ணாம் நாளிலிருந்துதான் தொடங்குது.

— எனக்கு இது நாலாவது ஒண்ணாம் நாளு சார். மொதோ தடவை இருநூத்து முப்பத்தெட்டாவது நாள்ல 'ஸ்டாக் எடுக்கறோம், ரெண்டு வாரம் வீட்ல இருங்க'ன்னீங்க. அடுத்த தடவை ஏஜென்சி பேர மாத்துனீங்க. ஆளு அதே ஆளு, இங்க செய்யற வால்வு அதே வால்வு, கேட்டு அதே கேட்டு. நாளு மட்டும் புதுசு. இந்தத் தடவை எதுவும் தோணல போல. ஆறு நாளையே தூக்கிட்டீங்க.

— போடலைன்னா, அஞ்சரைக்கு மேல அந்தக் கேட்டுக்கு உள்ள வர உங்களுக்கு உரிமை கிடையாது. மிரட்டலா எடுத்துக்காதீங்க. தகவலா எடுத்துக்கோங்க.

— எடுத்துக்கிட்டேன். வெளிய பாருங்க சார், பதினெட்டு கான்ட்ராக்ட் ஆளுங்க சாப்பாட்டு டப்பாவைத் திறக்காம நிக்கறாங்க. பீட்டரு, பழனிச்சாமி, சங்கமித்ரா, எல்லாருக்கும் அதே ஒப்பந்தம், அதே ஆறு நாளைக் காணோம். என்னையும் சேத்தா பத்தொம்பது பேரு. பத்தொம்பது பேரும் ஒரே வாரத்துல நந்தி மலைக்குப் போயி மேகம் பாத்துக்கிட்டு இருந்தமா?

— கூட்டு விடுப்பு என்கிற சாத்தியத்தை நிர்வாகம் நிராகரிக்கல.

— பர்மனன்ட் ஆளுங்களுக்கும் அந்த ஆறு நாளு காணாமத்தான் போச்சு. அது எப்படி திரும்பி வந்துச்சு?

— யூனியன் கேட்டுக்கொண்டதன் பேரில் கையால் சீர்செய்யப்பட்டது.

— யாரு கையி?

— என்னுடைய கை.

— எங்க பேரு வந்ததும் கையி வலிச்சுடுச்சு.

— அது மனிதாபிமானம், மேடம். இது பதிவு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமா மனிதவளத்துல இருக்கேன், ஒரு நாளும் நான் குழப்பிக்கிட்டதில்ல.

— சரி, குழப்பிக்க வேணாம். இதப் பாருங்க. நீங்க எனக்குக் குடுத்த மெமோ. ஆகஸ்ட் ஆறாந்தேதி. உங்க கையெழுத்து, உங்க சீலு. படிக்கட்டுமா? 'டைம் ஆபீஸில் எலுமிச்சை சாதம் உண்டு, விசைப்பலகையின் மீது பருக்கை சிந்தியமைக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் விளக்கம் தேவை.' வராத பொம்பளை எப்படி சார் பருக்கை சிந்துவா?

— மெமோ மனிதவளத் துறையின் ஆவணம். வருகை கம்ப்யூட்டரின் ஆவணம். ரெண்டும் வேற வேற ஃபைல். ஒன்றை வைத்து இன்னொன்றை நிரூபிக்க முடியாது.

— எங்கப்பா தங்கவயல்ல சுரங்கத்துல இருந்தாரு சார். இறங்கும்போது ஒரு பித்தளை டோக்கனை எடுத்துக்கிட்டுப் போவாங்க. ஏறி வந்து பலகையில மாட்டுவாங்க. ஷிப்ட் முடிஞ்சு ஒரு ஆணி காலியா இருந்துச்சுன்னா, ஆளு உள்ள இருக்கான்னு தேட ஆளு எறங்குவாங்க. இங்க ஆளு கண்ணு முன்னால நிக்கறேன், ஆணி காலியா இருக்கு, அதனால நீ இல்லேங்கறீங்க.

— உணர்ச்சிகரமா இருக்கு. ஆனா பொருத்தமில்ல. அஷ்வின், உங்க தொழில்நுட்ப அறிக்கையின் சாரத்தை மேடத்துக்குச் சொல்லுங்க.

— பதினாலு பக்கம்ங்க சார்.

— சாரம்.

— டெக்னிக்கலா சொன்னா, ப்ரீ-பூட் லேயர்ல ஒரு டெம்போரல் இன்டெக்ரிட்டி டீவியேஷன் இருந்திருக்கலாம்ங்கற ஒரு...

— தமிழ்ல சொல்லு தம்பி.

— தேதி தப்பாச்சுங்க மேடம்.

— பதினாலு பக்கத்துல இந்த ரெண்டு வார்த்தை எங்க இருக்குது?

— பதினோராவது பக்கத்துலங்க. அடிக்குறிப்பா போட்டிருக்கனுங்க.

— நீங்க அதைப் படிச்சீங்களா சார்?

— நான் எப்பவும் முடிவுரையைத்தான் படிப்பேன். முடிவுரையில 'சிஸ்டம் திருப்திகரமாகச் செயல்படுகிறது' அப்படின்னு இருக்கு.

— அந்த ஆறு நாளும் காலையில நான் உனக்குப் புகார் டிக்கெட் போட்டேன் இல்ல தம்பி? 'கம்ப்யூட்டர் கிளம்ப மாட்டேங்குது, பீப் பீப்னு கத்துது, தேதி தப்பு, எஃப் ஒன்னை அமுக்குன்னு கேக்குது'ன்னு.

— வந்துச்சுங்க மேடம். ஆறு டிக்கெட்டும் வந்துச்சு.

— இன்னா பண்ணே?

— க்ளோஸ் பண்ணீட்டனுங்க.

— பாக்காமயேவா?

— நாலு மணி நேரத்துக்குள்ள க்ளோஸ் ஆகலீன்னா எங்க டீமை டேஷ்போர்டுல செவப்புல காட்டும்ங்க மேடம். பச்சையில வெச்சிருந்தாத்தான் அப்ரைசல்ல மூச்சு விட முடியும்ங்க.

— அதனால 'முழுசா அணைச்சுட்டு மறுபடி போடவும்'னு பதில் எழுதினே. அணைச்சாத்தான்ப்பா அதுக்கு வியாதியே வருது! வியாதியையே மருந்தா எழுதிக் குடுத்துக்கிறே.

— ஒரு நிமிஷம். நீங்க ஒப்பந்த அடிப்படையிலான டைம் ஆபீஸ் உதவியாளர். கம்ப்யூட்டரின் வியாதியைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன தகுதி இருக்கு?

— எஸ்.பி. ரோடுல எட்டு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில இருந்தேன் சார். சேட்டு கல்லாவுல, நான் ஸ்க்ரூ டிரைவரோட. ஒரு நாளைக்குப் பத்து மதர்போர்டு என் கையில பொரளும். அதுல பாதிக்கு வெறும் பேட்டரிதான் வியாதி. சொல்லட்டுமா?

— மூணு நிமிஷம் தர்றேன்.

— ஒரு நிமிஷம் போதும். மதர்போர்டுல ஒத்த ரூபா காசு அளவுக்கு ஒரு பேட்டரி குந்திக்கினு இருக்கும். மூணு வோல்ட்டு. கம்ப்யூட்டரை மூடி வெச்சிருந்தாலும் சுவத்துல மெயின் சுவிட்சு போட்டிருந்தா, அந்தக் கரண்ட்டுலயே உள்ள கடிகாரம் ஓடும். மெயினையும் அணைச்சுட்டா, அப்பறம் அந்தப் பேட்டரிதான் கடிகாரத்தைப் பிடிச்சுக்கணும். பேட்டரி செத்துப்போயிருந்தா? காலையில கம்ப்யூட்டர் கண்ணு முழிக்கும்போது தேதி தெரியாது, எந்த டிஸ்க்குலேர்ந்து கிளம்பணும்னு தெரியாது. 'நான் யாரு, இது எந்த வருஷம்'னு கத்தும். அந்தக் கத்தலுக்குப் பேருதான் எஃப் ஒன்னு.

— பேட்டரி செத்திருந்தா அது எப்பவோ தெரிஞ்சிருக்கணும். ஏன் ஆகஸ்ட் நாலாம் தேதி வரைக்கும் தெரியல? இதைக் குறிச்சுக்கோங்க அஷ்வின், கேள்வி நிர்வாகத் தரப்பு.

— கேள்வி நல்ல கேள்வி. ஏழு வருஷமா இந்த மெயினை யாரும் அணைச்சதில்ல. கரண்ட்டு போனா ஜெனரேட்டர் பிடிச்சுக்கும். பேட்டரி உள்ள செத்துக் கெடந்தது யாருக்கும் தெரியல. ஆகஸ்ட் ரெண்டாந்தேதி சனிக்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. எண் நாப்பத்தேழு. ஞாபகம் இருக்கா சார்?

— என் சுற்றறிக்கைகள் எல்லாமே எனக்கு ஞாபகம் இருக்கு.

— அந்தா, உங்க தலைக்கு மேலயே ஒட்டியிருக்கு. 'பணி முடிந்ததும் அனைத்து மெயின் சுவிட்சுகளும் அணைக்கப்பட வேண்டும். சுவிட்சை அணைப்போம், பூமியை அணைப்போம்.'

— அந்த வாசகம் என்னுடையது. அதுக்குத் தலைமை அலுவலகம் பசுமைக் கேடயம் கொடுத்தது. வரவேற்பறையில மீன் தொட்டிக்குப் பக்கத்துல இருக்கு.

— சனிக்கிழமை சாயந்திரம் அணைச்சேன். திங்கக்கிழமை காலையில தேதி போச்சு. ஆறு நாளும் உங்க சுற்றறிக்கைப்படி பூமியை அணைச்சேன், ஆறு நாளும் காலையில தேதி போச்சு. தேதியைத் திருத்தற பாஸ்வேர்டு எனக்குக் கிடையாது. ஏழாவது நாளு தம்பி வந்து திருத்தினான். அன்னிலேர்ந்து மெயினை அணைக்கறத நிறுத்திட்டேன். பத்து வாரம் ஆச்சு. ஒரு நாளு தேதி மாறல. கேட்டுப் பாருங்க.

— ஆமாங்க சார். டெக்னிக்கலா அது கரெக்ட்டுங்க.

— அஷ்வின்! அப்படின்னா பத்து வாரமா சுற்றறிக்கையை மீறிக்கிட்டு இருந்திருக்கீங்க, மிஸஸ் மேரி. அதுக்குத் தனி மெமோ உண்டு.

— குடுங்க. கீழ்ப்படிஞ்சா ஆப்சென்ட்டு, மீறினா மெமோ. ரெண்டுத்துல மெமோ தேவல. அதுலயாவது நான் வந்துக்கிறேன்னு இருக்கும்.

— இதெல்லாம் வெறும் பேச்சு. நிரூபணம் எங்கே?

— நிரூபிக்கறேன். உங்க கார் சாவியைக் குடுங்க.

— எதுக்கு?

— அதுல இருக்கறதும் இதே பேட்டரிதான்.

— என் கார் சாவியில இருக்கற பேட்டரியும், டைம் ஆபீஸ் ஓட்டைக் கம்ப்யூட்டர் பேட்டரியும் ஒண்ணா? அது பட்டனை அமுக்கினா தானா திறக்கற கார், மேடம். சன்ரூஃப் உள்ள கார்.

— சன்ரூஃப் இருக்கறதெல்லாம் பேட்டரிக்குத் தெரியாது சார்.

— நம்பர் ஒண்ணுதானுங்க சார். இருபது முப்பத்திரண்டு. என்ர வண்டிச் சாவியிலயும் அதேதானுங்க.

— உங்களை யாரும் கேக்கல, அஷ்வின்.

— பயமா சார்? பத்து நிமிஷம். நிரூபணம் கேட்டது நீங்க. நான் சொல்றது பொய்யின்னு ஆச்சுன்னா, நானே கடுதாசியில கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். வெளிய நிக்கறவங்களையும் போடச் சொல்றேன்.

— பயமா? எனக்கா? இந்தாங்க. ஆனா கீறல் விழக் கூடாது.

— தம்பி, அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு. மொதல்ல பழைய பேட்டரியோட ஒரு தடவை காட்டிடுவோம். மெயினை அணை. ரெண்டு நிமிஷம் ஆவட்டும். அதுக்குள்ள அந்த மூடியைக் கழட்டு. பாத்து, ஆயுத பூஜைக்கு வெச்ச குங்குமம் கொட்டும்.

— உள்ள ஒரு சாமந்திப் பூ இருக்குதுங்க மேடம். காஞ்சு போய்.

— போன வருஷத்துது. ஃபேனுல மாட்டாம இருந்ததே பெருசு. ஆச்சா? மெயினைப் போடு. இப்ப பட்டனை அமுக்கு.

— கத்துதுங்க.

— கத்தட்டும். சார், இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க. 'தேதியும் நேரமும் செட் ஆகல, தொடர எஃப் ஒன்னை அமுக்கவும்.' இதத்தான் ஆறு நாளும் நான் பாத்தேன். அமுக்கு தம்பி. இப்ப இன்னா தேதி காட்டுது, சத்தமா படி.

— ஜனவரி ஒண்ணுங்க சார், ரெண்டாயிரத்துப்...

— அது எந்தத் தேதியா இருந்தா எனக்கென்ன? என் சாவியை அந்தம்மா நகத்தால நெம்புறாங்க, நீங்க தேதி படிச்சுக்கிட்டு இருக்கீங்க! மெதுவா, மெதுவா!

— எந்த வருஷம்னு ஒரு தடவை பாத்துடுங்க சார்.

— தேவையில்ல. தப்பான தேதி தப்பான தேதிதான். அதுல பெரிய தப்பு சின்னத் தப்புன்னு உண்டா என்ன?

— சரி. அப்பறம் நான் காட்டலன்னு சொல்லக் கூடாது. தம்பி, மெயினை அணை. உங்க சாவி பேட்டரி இதோ. எழுத்து மேல பாக்கணும். டிக்குன்னு உக்காந்துச்சு பாத்தீங்களா? மெயினைப் போடு. தேதியை இன்னிக்குத் தேதியா வை. உன் பாஸ்வேர்டை நான் பாக்கல. வெச்சாச்சா? இப்ப மறுபடி அணை. ரெண்டு நிமிஷம்.

— இந்த ரெண்டு நிமிஷத்துல நான் ரெண்டு மெயில் பாத்திருப்பேன்.

— ரெண்டும் நீங்களே உங்களுக்கு அனுப்பினதா இருக்கும். ஆச்சு, போடு தம்பி.

— கத்தலீங்க! எஃப் ஒன் கேக்கல. நேரா உள்ள போயிருச்சுங்க சார். தேதி... இன்னிக்குத் தேதியேதானுங்க! சார், மேடம் சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட்டுங்க. என்ர அறிக்கையைத் திருத்தி ஒரே பக்கமாப் போட்டுத் தந்தர்றனுங்க.

— உக்காருங்க, அஷ்வின்.

— நாற்காலி இல்லீங்க சார்.

— அப்ப அமைதியா நில்லுங்க. இது தற்செயல்.

— தற்செயலா?

— ஒரு தடவை நடந்தது தற்செயல். நாளைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோட தணிக்கைக் குழு வருது. அவங்க கேக்கற முதல் கேள்வி, 'உங்க வருகைப் பதிவு சரியா இருக்கா?' நான் என்ன சொல்லணும்? 'என் சுற்றறிக்கையால ஆறு நாள் கெட்டுப்போச்சு, கேடயத்தைத் திருப்பித் தரேன், பத்தொன்பது பேரை நிரந்தரமாக்கறேன்' அப்படின்னா? ஒரு காசு அளவு பேட்டரிக்காக ஒரு சுற்றறிக்கையை வாபஸ் வாங்கினதா சரித்திரமே கிடையாது. என் பேட்டரியைக் கழட்டிச் சாவியில போடுங்க.

— போட்டா இது மறுபடி மறந்துடும் சார்.

— மறக்கட்டும். என் கார் திறக்கணும். பழைய பேட்டரியை இருந்த இடத்துலயே வைங்க. இந்தக் கம்ப்யூட்டருக்கு எந்தக் குறையும் கிடையாது. கடைசியா கேக்கறேன், கையெழுத்துப் போடறீங்களா, இல்ல அஞ்சரைக்குக் கேட்டைத் தாண்டறீங்களா?

— ஆய்த்து சார். போடறேன்.

— மேடம்! என்னங்க மேடம், இப்பத்தானே ப்ரூவ் பண்ணுனீங்க?

— விடு தம்பி. சார் எவ்வளவு பெரிய ஆளு, அவரே மிஷினு கரெக்ட்டுங்கறாரு. சும்னே எதுக்கு நின்னுகிட்டே கத்திக்கினு? கால் வலிக்குது. போடறேன் சார். வெளிய நிக்கறவங்களையும் போடச் சொல்றேன். ஒரே ஒரு விஷயம்.

— அப்படி வாங்க வழிக்கு. என்ன விஷயம்?

— நான் இப்ப மூடியெல்லாம் கழட்டிப் பேட்டரியை மாத்திக் காட்டிட்டேன். நாளைக்குத் தணிக்கைக்காரங்க, 'இந்தம்மா மிஷினைக் கெடுத்துட்டா, அதுல இருக்கற பதிவெல்லாம் பொய்யி'ன்னு எம் மேல பழி போடக் கூடாது. மிஷினு ஆரம்பத்துலேர்ந்து நல்லாத்தான் இருக்கு, அதுல இருக்கறது எல்லாம் நெசம்னு நீங்க ரெண்டு பேரும் மொதல்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. அப்பறம் நான் போடறேன்.

— நியாயமான கோரிக்கை. அதுவும் தணிக்கைக்கு ரொம்ப உபயோகமான கோரிக்கை. அஷ்வின், அடிங்க. நான் சொல்லச் சொல்ல.

— சார், ஒரு நிமிஷம்ங்க சார். அந்தப் பதினோராவது பக்கத்தை நீங்க ஒரு தடவை...

— முதல்ல இதை அடிங்க. 'பொருள்: வருகைப் பதிவுக் கணிப்பொறியின் நம்பகத்தன்மை. மேற்படி கணிப்பொறி இன்று எம் முன்னிலையில் திறந்து பரிசோதிக்கப்பட்டு, அதன் பேட்டரி உட்பட எவ்விதக் குறைபாடும் இல்லை எனக் கண்டறியப்பட்டது.'

— பேட்டரி உட்படன்னு போடணுமாங்க சார்?

— குறிப்பாகப் போடணும். 'இக்கணிப்பொறி எக்காலத்திலும் தவறான தேதியைக் காட்டியதில்லை.'

— சார், அந்த வாக்கியம் வேண்டாம்ங்க சார். சொல்றதைக் கேளுங்க சார்.

— அஷ்வின், நீங்க ஐ.டி. நான் ஹெச்.ஆர். வயரிங் உங்க வேலை, வாசகம் என் வேலை. எங்கே விட்டேன்?

— காட்டியதில்லைங்க.

— தம்பி சொல்றதைக் கேளுங்க சார். படிச்ச புள்ள.

— நீங்க சும்மா இருங்க. அடுத்த வரி: 'இதில் இதுவரை பதிவாகியுள்ள ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு தேதியும், ஒவ்வொரு வருகையும் உண்மையானவை எனச் சான்றளிக்கப்படுகிறது.'

— ஆஹா. வெறும் 'உண்மை'ன்னா போதுமா சார்? நாளைக்கு வேற யாராவது மேனேஜரு வந்து இல்லேன்னுட்டா?

— இல்லேன்னு சொல்ல முடியாது. எழுதுங்க அஷ்வின். 'இவை நிர்வாகத்தை என்றென்றும் கட்டுப்படுத்துபவை.' எப்படி?

— கேக்கறதுக்கே நல்லா இருக்கு சார். கேடயம் இன்னொண்ணு வரும்.

— அஷ்வின், மூணு பிரதி அச்செடுங்க. ஒண்ணு தணிக்கைக்கு, ஒண்ணு தலைமை அலுவலகத்துக்கு, ஒண்ணு மேடத்துக்கு. பேனா? சீல் என் பையிலேயே இருக்கு. எப்பவும் இருக்கும். ஒண்ணு. ரெண்டு. மூணு. போடுங்க அஷ்வின்.

— சார், நான் கடைசியா சொல்றனுங்க...

— அப்ரைசல் மார்ச் மாசம், அஷ்வின்.

— போட்டுட்டனுங்க.

— என் பிரதியைக் குடு தம்பி. மை காயட்டும். சீலு நல்லா வுழுந்துருக்கு, ரங்கநாதன்னு பேரு பளிச்சுன்னு தெரியுது. சரி சார், இப்ப என் கடுதாசிக்கு வருவோம். போடறதுக்கு முன்னால என் வருகையை ஒரு தடவை கேட்டுக்கறேன். தம்பி, அந்தப் பதினோராவது பக்கத்தைச் சத்தமா படி.

— வேண்டாம்ங்க மேடம்.

— படிங்க அஷ்வின். வெறும் அடிக்குறிப்புதானே.

— படிக்கறனுங்க. 'வடிகட்டப்பட்ட பதிவுகள். ஆரோக்கியமேரி, டைம் ஆபீஸ், உள்ளே வந்த தேதி ஜனவரி ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. அதே தேதி, ரெண்டாவது பதிவு. அதே தேதி, மூணாவது பதிவு.' இப்படி ஆறு இருக்குதுங்க சார். பீட்டர், ஜனவரி ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. பழனிச்சாமி, ஜனவரி ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. பத்தொம்பது பேருக்கும் இப்படியேதானுங்க.

— ரெண்டாயிரத்து... என்ன?

— பதினொண்ணுங்க சார். அந்த மதர்போர்டு அங்கிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும்ங்க. அதைத்தான் சார் நான் அப்பலேர்ந்து...

— அதெப்படி? இவங்க சேர்ந்தே மூணு வருஷந்தானே ஆகுது! அது சும்மா, அது... பேட்டரி போனதால வந்த தேதி!

— எந்தப் பேட்டரி சார்?

— இந்த... இந்தக் கம்ப்யூட்டர் பேட்டரி!

— 'பேட்டரி உட்பட எவ்விதக் குறைபாடும் இல்லை.' உங்க வாசகம் சார். 'எக்காலத்திலும் தவறான தேதியைக் காட்டியதில்லை.' தம்பி வேணாம் வேணாம்னான், நானும் சொன்னேன். கேட்டீங்களா?

— அந்தப் பேப்பரைக் குடுங்க இப்படி.

— எந்தப் பேப்பரை? என்னுதா? இத ஏற்கெனவே போன்ல படம் பிடிச்சு வெளிய நிக்கற பீட்டருக்கு அனுப்பிட்டேன். கேக்குதா சத்தம்? அவங்க டப்பாவைத் திறக்கறாங்க.

— மிஸஸ் மேரி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. உக்காந்து பேசித் தீர்த்துக்கலாம்.

— பேச ஒண்ணும் இல்ல சார். ரெண்டு வழி இருக்கு. பேட்டரி செத்துச்சுன்னு எழுதுங்க, அந்த ஆறு நாளு எங்களுது, முப்பத்து நாலும் ஆறும் நாப்பது, பத்தொம்பது பேருக்கும் பர்மனன்ட்டு ஆர்டரு அஞ்சரைக்குள்ள வரணும். இல்ல, பேட்டரி சாகலன்னா அதுவும் சரி. அப்ப ரெண்டாயிரத்துப் பதினொண்ணு ஜனவரி ஒண்ணாந்தேதிலேர்ந்து நாங்க சர்வீஸ்ல இருக்கோம், நாளைக்குத் தணிக்கைக்காரங்க கையில இந்தப் பேப்பரை நானே குடுக்கறேன். தம்பி, சார் இந்தக் கம்பெனியில எப்ப சேந்தாரு?

— ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுங்க மேடம். ஜூன் மாசம்.

— பத்தொம்பது. அப்ப, உங்க சீலுப்படி நான் உங்களுக்கு எட்டு வருஷம் சீனியரு. எந்திரிங்க ரங்கநாதன், என் நாற்காலி.